பழைய தெருவில் நிற்காத தண்ணீர் புது நகரில் மூன்று நாள் நிற்பது ஏன்? காவிரி டெல்டாவில் மேடு, பள்ளம், மனை

நஞ்சைபுஞ்சை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், சீர்காழி என்று எந்த ஊரை எடுத்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் ஒரே காட்சிதான். கோயிலைச் சுற்றிய பழைய வீதிகளில் மழை விட்ட சிறிது நேரத்தில் பெரும்பாலும் தண்ணீர் வடிந்துவிடுகிறது. ஊரை விட்டு ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி, நஞ்சையைப் பிரித்துப் போட்ட 'நகர்'களில் முழங்கால் தண்ணீர் நாள்கணக்கில் கிடக்கிறது. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே மட்டம்தான்.

என் கேள்விகள் மூன்று. ஒன்று, இந்த வித்தியாசம் நிலத்தின் அமைப்பால் வருகிறதா, வடிகால் கெட்டதால் வருகிறதா? இரண்டு, நம் ஊர்கள் இந்த வடிவத்தில் வளர்ந்ததற்கும் வெள்ளத்துக்கும் என்ன தொடர்பு? மூன்று, கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாற்றுக்கும் திருமலைராஜன் ஆற்றுக்கும் இடையில் ஒரு மனை பார்க்கிறவர் வாங்குவதற்கு முன்பே எதை எப்படிச் சோதிக்க வேண்டும்? "உள்ளூர்க்காரர்களிடம் விசாரியுங்கள்" என்பதற்கு மேல் யாராவது விவரமாகச் சொன்னால் நல்லது.

—

மேட்டுக்கொல்லை எழுதியது:

"கண்ணால் பார்த்தால் ஒரே மட்டம்" என்கிறீர்களே, ஆள் ஏமாறுகிற இடம் அதுதான். கல்லணை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். அங்கிருந்து பூம்புகார் நேர்கோட்டில் 115 கி.மீ. சுமார். அதாவது கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவு. கடலோரத்தை நெருங்க நெருங்க அதில் பாதி கூட இருக்காது. மேற்கு கிழக்காக இவ்வளவு மென்மையான சரிவு இருக்கிற நிலத்தில், வடக்கு தெற்காக இரண்டு அடி மேடு பள்ளம் வந்தால் அதுவே மலை மாதிரி வேலை செய்யும்.

அந்த மேட்டை உண்டாக்கியது ஆறுதான். வெள்ளம் கரை வழிந்தவுடன் ஓட்டம் தளர்ந்துவிடும். கனமான மணல் கரையோரத்திலேயே இறங்கும், நைசான களி தூரம் போய்ப் படியும். வருஷா வருஷம் இது நடந்து ஆறு தன் இரு பக்கமும் ஒரு வரப்பு கட்டிக்கொள்கிறது. ஆற்றின் அடித்தரையும் எக்கலால் (படிகிற வண்டலால்) உயர்கிறது. கடைசியில் ஆறு ஒரு மேட்டின் முதுகில் ஓடும், இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கிற வயல் அதற்குக் கீழே கிடக்கும். டெல்டாவில் வயலிலிருந்து ஆற்றங்கரைக்குப் போகும்போது 'ஏறிப் போகிறோம்', உள்ளே வரும்போது 'இறங்குகிறோம்' என்பதைச் சைக்கிள் மிதிக்கிற கால் சொல்லும்.

ஊர்கள் அந்த வரப்பின் மேல்தான் உட்கார்ந்தன. கும்பகோணத்தின் பழைய நகரம் வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு என்று இரண்டு ஆறுகளுக்கு நடுவே மேற்கு கிழக்காக நீண்டு கிடப்பதற்குக் காரணம் இதுதான். பக்கவாட்டில் விரிய அதற்கு இடமில்லை; மேடு இருக்கிற திசையில் நீண்டது. சின்ன ஊர்களிலும் இதே வரிசையைப் பார்க்கலாம்: ஆறு, அதை ஒட்டிப் படுகை, பிறகு மூங்கிலும் தென்னையும் வாழையும் நிற்கிற மணற்பாங்கான கொல்லை, அதோடு சேர்ந்து நத்தம் (குடியிருப்பு நிலம்), அதற்கப்புறம் நஞ்சை, நஞ்சையின் நடுப்பள்ளத்தில் வடிவாய்க்கால். மேடு, திடல், திட்டு, படுகை, பள்ளம் என்று ஊர்ப் பெயரின் வாலில் ஒட்டியிருப்பதெல்லாம் ஒரு காலத்து மட்ட அளவை.

குளத்தையும் சேர்த்துப் பாருங்கள். திருவாரூருக்குக் "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி" என்று சொல்வழக்கு உண்டு. ஒரு வேலி 6.6 ஏக்கர். கோயிலுக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு இடம் தண்ணீருக்கும் விட்டிருக்கிறார்கள். மன்னார்குடி ஹரித்ராநதி தெப்பக்குளம் 23 ஏக்கர், மகாமகக் குளம் 6 ஏக்கர் சொச்சம். குளம் மழைநீரை வாங்கிக்கொள்ளும். வெட்டிய மண் பக்கத்து மனைகளை உயர்த்தும். பழைய வீடுகளின் திண்ணை தெருவிலிருந்து இரண்டரை, மூன்று அடி உயர்ந்து நிற்பதும் இதே கணக்கில் சேரும்.

தஞ்சாவூரை மட்டும் தனியாக வைத்துப் பாருங்கள். அது டெல்டாவுக்குள் இல்லை, டெல்டாவின் விளிம்பில் செம்மண், சொரிப்பாறை மேட்டில் இருக்கிறது. வடக்கே வடவாறு ஓடுகிற பக்கம் தாழ்வு. தெற்கும் தென்மேற்கும் உயர்வு. மருத்துவக் கல்லூரி, புதிய பேருந்து நிலையம், வல்லம் சாலைப் பக்கம் தமிழ்ப் பல்கலைக்கழகம் என்று ஊர் அந்தத் திசையில் வளர்ந்தது தற்செயல் இல்லை. அங்கே உள்ள ஆபத்து வேறு மாதிரி: மேட்டுநிலத்து ஏரியும் அதற்குத் தண்ணீர் கொண்டுவருகிற வாரியும் தெருவாகிவிட்டன. சிவகங்கைக் குளத்துக்கு நீர் கொடுத்த சேவப்பநாயக்கன் ஏரியின் பெயர் இன்றைக்கு ஒரு குடியிருப்புப் பகுதியின் பெயராக இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேடு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. கோயிலும் அக்ரகாரமும் நிலக்காரர் தெருவும் மேட்டில். உழைக்கிற மக்களின் தெருக்கள் பல ஊர்களில் வாய்க்கால் கரையிலும் வயல் பள்ளத்திலும். இராசராசனின் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரியில்லா நிலங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம், கோயில், குளம், 'ஊடறுத்துப் போன வாய்க்கால்', பறைச்சேரி, கம்மாணசேரி, சுடுகாடு என்று தனித்தனியாக எண்ணுகிறார்கள். நத்தமும் சேரியும் அன்றைக்கே வேறு வேறு இடம். இப்போதும் வெள்ள நிவாரண முகாமுக்கு முதலில் வருகிறவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று பார்த்தால் பழைய மட்டம் தெரியும்.

—

கொள்ளிடக்கரை எழுதியது:

மேட்டுக்கொல்லை ஐயா சொன்ன நிலவமைப்பு சரி. ஆனால் 'வெள்ளம்' என்று பொதுவாகச் சொன்னால் குழப்பம் வரும். டெல்டாவில் இரண்டு வெள்ளம் உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு.

முதலாவது ஆற்று வெள்ளம். கர்நாடகத்தில் ஆடி, ஆவணி மழை வலுத்து மேட்டூர் 120 அடி தொட்டு உபரி திறந்தால் வருவது. முக்கொம்பில் 1836இல் மேலணை கட்டிய பிறகு இதன் பாதை மாறிவிட்டது. கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் தலா வினாடிக்கு ஒன்பதாயிரம் கன அடி சுமாருக்கும், கல்லணைக் கால்வாய்க்கு நாலாயிரம் கன அடி சுமாருக்கும்தான் கொள்ளளவு. மிச்சம் முழுக்கக் கொள்ளிடத்துக்கு. இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் வந்த ஆண்டிலும் கும்பகோணம் பக்கம் காவிரி கரைக்குள்ளேயே ஓடுவது இதனால்தான். திருவையாற்றில் அகலமாகத் தெரிகிற காவிரி மயிலாடுதுறை தாண்டி, பூம்புகார் போகும்போது வாய்க்கால் அளவுக்குச் சுருங்குவதையும் இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ளலாம். வெள்ளம் சுமக்கிற வேலையைக் கொள்ளிடத்திடம் கொடுத்துவிட்டு, காவிரி பாசன ஆறாக மாறிவிட்டது.

அந்த வேலையின் பாரம் எவ்வளவு என்பது 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடக் கதவணையின் ஒன்பது மதகுகள் சரிந்தபோது தெரிந்தது. கொள்ளிடத்தின் இரு கரைகளுக்கு உள்ளே இருக்கிற நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் போன்ற ஊர்களுக்கு உபரி நீர் வரும்போதெல்லாம் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை. அவை ஆற்றுக்குள்ளேயே இருக்கிற ஊர்கள். கரையை உயர்த்தினால் அவர்களுக்கு இன்னும் கஷ்டம்தான்.

இரண்டாவது மழை வெள்ளம். இது வடகிழக்குப் பருவத்தில், தலைக்கு மேலேயே பெய்வது. நகரங்களை இப்போது மூழ்கடிப்பது இதுதான். 2008 நிஷா புயலில் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ., 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. இதற்கு மேட்டூரைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

ஒரு கணக்குப் போடுவோம், விஷயம் தெளிவாகும். ஒரு வேலி ஏறத்தாழ 26,750 சதுர மீட்டர். அதில் 44 செ.மீ. மழை விழுந்தால் 11,770 கன மீட்டர், அதாவது ஒரு கோடியே பதினேழு லட்சம் லிட்டர். வினாடிக்கு ஒரு கன அடி ஓட்டம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 24.5 லட்சம் லிட்டரை வெளியேற்றும். ஆக அந்த ஒரு வேலித் தண்ணீரை ஒரே நாளில் வடிக்க ஏறத்தாழ 5 கன அடி ஓட்டம் வேண்டும். நூறு வேலி வடிகிற ஒரு வடிவாய்க்காலுக்கு 480 கன அடி. அது சின்ன ஆறு ஒன்றின் அளவு. நம் வடிவாய்க்கால்கள் அதற்காக வெட்டப்பட்டவை இல்லை. தூர் கட்டிய சம்பா நடவு இரண்டு மூன்று நாள் கால் நனைந்து நின்றால் பிழைத்துக்கொள்ளும், அதனால் மெதுவாக வடிந்தால் போதும் என்ற கணக்கில் அமைந்தவை. வரப்புக்குள் ஒரு அடி தண்ணீர் நிற்பது வயலுக்கு இயல்பு. அதே வயலில் வீடு கட்டினால், வாய்க்கால் ஒரு குறையுமில்லாமல் தன் வேலையைச் செய்தாலும் வீட்டுக்குள் மூன்று நாள் தண்ணீர் நிற்கும்.

நஞ்சைபுஞ்சை அவர்களின் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். தூர்வாராததும் காரணம்தான். வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்தால் ஓட்டம் பாதியாகிவிடும். ஆனால் முழுக்கத் தூர்வாரினாலும் நெல்லுக்கு வெட்டிய வடிகால் வீட்டுக்குப் போதாது.

—

நஞ்சைபுஞ்சை:

நன்றி ஐயா. இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. அப்படியானால் மனையை மூன்று அடி மண்ணடித்து உயர்த்திவிட்டால் தீர்ந்ததா? நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். நகரில் மழைநீர் வடிகால் கட்டித் தருகிறோம் என்றும் மனை விற்பவர்கள் சொல்கிறார்கள்.

—

மட்டக்கோல் எழுதியது:

தீராது சார். இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

மண்ணடிப்பது. 1,200 சதுர அடி மனையை 3 அடி உயர்த்த 3,600 கன அடி, அதாவது 36 யூனிட். இறுகும்போது குறையும் என்பதால் கால் பங்கு கூடுதலாக, ஆக 45 யூனிட் வாங்க வேண்டும். 3 யூனிட் டிப்பரில் 15 நடை. ஒரேயடியாகக் கொட்டிவிட்டு மேலே ஜேசிபியை இரண்டு தடவை ஓட்டுவது இறுக்கம் ஆகாது. முக்கால் அடி, அதிகம் போனால் ஒரு அடி கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி, பிறகு அடுத்த அடுக்கு. கீழே வயல் களி இருந்தால் முதலில் மேல் ஒரு அடி சேற்றையும் வேரையும் வழித்து எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் போட்டால் புது மண் இறங்கிக்கொண்டே இருக்கும். தரை ஓடு விரிசல் விடும், சுற்றுச்சுவர் சாயும். மண்ணடித்து ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுவிட்டுக் கட்டுவதுதான் நல்லது. கட்டட இடிபாட்டைப் போட்டு நிரப்பினால் நடுவில் பொந்து இருக்கும், தண்ணீர் அதற்குள் புகுந்து மண்ணை இழுக்கும். அஸ்திவாரம் எப்படியும் போட்ட மண்ணில் நிற்கக் கூடாது, பழைய கெட்டித் தரை வரை இறங்க வேண்டும். கருங்களியாக இருந்தால் கோடையில் வெடித்து மழையில் உப்பும். அங்கே அண்டர்ரீம் பைல் (அடியில் குமிழ் போல விரிந்த கான்கிரீட் தூண்) போட்டு, அவற்றை இணைக்கிற கிரேடு பீம் கட்டுவது செலவானாலும் நிம்மதி.

ஆனால் உங்கள் மனை உயர்ந்தால் அங்கே ஒரு அடி ஆழம் நின்ற தண்ணீர், 34,000 லிட்டர், பக்கத்து மனைக்குப் போகும். அவரும் உயர்த்துவார். ஒரு வேலியில் ரோடு போக நூறு மனைக்கு மேல் விழும். எல்லோரும் உயர்த்திய பிறகு தண்ணீர் ரோட்டில் நிற்கும். ரோட்டை உயர்த்துவார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே ஒவ்வொரு தடவையும் போட்டுக்கொண்டு போனால் பத்துப் பதினைந்து வருஷத்தில் வீட்டுத் தரை ரோட்டுக்குக் கீழே போய்விடும். அடித்தள உயரத்தை ரோட்டிலிருந்து கணக்கிடாதீர்கள். அந்த இடத்தில் கண்ட அதிக வெள்ள மட்டத்திலிருந்து கணக்கிட்டு, அதற்கு மேல் குறைந்தது ஒன்றரை அடி வையுங்கள்.

அடுத்து மழைநீர் வடிகால். காகிதத்தில் அழகாக இருக்கும். 1:500 சரிவில் 400 மீட்டர் நீளக் கான் (வடிகால் கால்வாய்) போட்டால் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் 80 செ.மீ. இறக்கம் வேண்டும். நிலமோ அந்த 400 மீட்டரில் 20 செ.மீ.தான் இறங்குகிறது. தொடக்கத்தில் 45 செ.மீ. ஆழம் வைத்தால் கடைசியில் 105 செ.மீ. ஆழத்தில் போய் வாய்க்காலில் விழ வேண்டும். கார்த்திகையில் அந்த வாய்க்காலில் தண்ணீர் கரைக்கு ஒன்றரை அடி கீழே வரை நிற்கும். அப்போது கான் வாய்க்காலுக்கு வடிக்காது, வாய்க்கால்தான் கான் வழியாக நகருக்குள் வரும். சரிவைக் குறைத்துப் போட்டால் மண்டி தேங்கி ஒரே வருஷத்தில் அடைத்துவிடும். இந்தச் சிக்கலுக்குச் சுலபமான விடை கிடையாது: கானின் வாயில் தண்ணீரை வெளியே மட்டும் விடுகிற மடல் கதவும், கதவு மூடியிருக்கும் நேரத்துக்குத் தண்ணீர் தங்க ஒரு குட்டையும், தேவைப்பட்டால் பம்பும் வேண்டும். மனைப்பிரிவில் குட்டைக்கு இடம் விட்டிருக்கிறார்களா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

செப்டிக் டேங்கை மறந்துவிடாதீர்கள். நவம்பரில் இந்தப் பக்கம் நிலத்தடி நீர் பல இடங்களில் மூன்று அடிக்குள் வந்துவிடும். அடியில் கான்கிரீட் போடாத உறைக்கிணறு அப்போது எதையும் உறிஞ்சாது, கழிவறையில் எதிர்த்து வரும். அடியும் பக்கமும் நீர் கசியாத தொட்டி, மூடியும் காற்றுக் குழாயும் வெள்ள மட்டத்துக்கு மேல், வெளியேறும் குழாயில் திரும்பாத வால்வு. புது டேங்கைத் தண்ணீர் நிரப்பாமல் காலியாக வைத்தால் மழைக்காலத்தில் அது மிதந்து எழும்பி, இணைப்புக் குழாயை உடைத்துவிடும்.

—

வடிவாய்க்கால் எழுதியது:

வாங்கும் முன் சோதிப்பது பற்றி.

வீட்டிலிருந்தே பார்க்கக் கூடியது பட்டாவும் புலப்படமும் (சர்வே எண்ணின் எல்லை வரைபடம்). மனையின் சர்வே எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். சுற்றியுள்ள ஆறேழு எண்களின் புலப்படத்தையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒல்லியாக நீண்டு, ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குத் தொடர்கிற உட்பிரிவு ஒன்று இருக்கும். 'ஏ' பதிவேட்டில் (கிராம நில விவரப் பதிவேடு) அதற்கு நேரே வாய்க்கால் அல்லது வடிகால் புறம்போக்கு என்று இருக்கும். மனைப்பிரிவு வரைபடத்தில் அதே கோடு ரோடாகவோ, ஓரத்து மனைகளாகவோ மாறியிருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். அங்கீகாரம் இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்ப வேண்டாம். 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற அங்கீகாரமில்லா மனைகளை வரன்முறைப்படுத்த அரசு வழி செய்தது. ஆனால் வரன்முறை ஆனதால் பள்ளம் மேடாகிவிடாது. நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று இருந்தால் அதன் நிபந்தனைகளைப் படியுங்கள். எவ்வளவு உயர்த்த வேண்டும், எந்த வாய்க்காலின் அகலத்தை எவ்வளவு விட வேண்டும் என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

செயற்கைக்கோள் உயர வரைபடத்தைப் பார்த்து "எங்கள் மனை 24 மீட்டர், பக்கத்தது 22" என்று யாராவது காட்டினால் எடுத்துக்கொள்ள வேண்டாம். இலவசமாகக் கிடைக்கிறவற்றில் பிழையே பல மீட்டர் வரை வரும். மரத்தின் தலையையும் நிலம் என்று எண்ணும். நமக்குத் தேவை சாண் கணக்கு. அதற்குப் பதில் கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் புரட்டி நவம்பர் முதல் ஜனவரி வரை எடுத்தவற்றைப் பாருங்கள். எந்தத் துண்டு கடைசி வரை கறுப்பாக ஈரத்தோடு கிடக்கிறதோ அது பள்ளம்.

இடத்துக்குப் போனால் மனையைப் பார்ப்பதற்கு முன் வடிகாலை நடந்து பாருங்கள். மனையிலிருந்து தண்ணீர் போகிற வழியில் முதல் பாலம், அதற்கடுத்த பாலம் என்று ஒரு கிலோமீட்டராவது. சாலைக்கு அடியில் போகிற குழாயின் அகலம் வாய்க்காலின் அகலத்தில் பாதி இருக்கிறதா, பாதிக்கு மேல் மண் மேவியிருக்கிறதா, வேலிக் கம்பியிலும் கருவேல முள்ளிலும் வைக்கோல், பாலித்தீன் சிக்கி நிற்கிற கோடு எந்த உயரத்தில் என்பதைப் பாருங்கள். அந்தக் கோடுதான் கடைசி வெள்ளத்தின் மட்டம். சம்பு, கோரை, அல்லி வளர்ந்த மனைக்கு விலை எவ்வளவு குறைந்தாலும் போகாதீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். டெல்டாவில் ஆறும் வடிகாலும் மேற்கிலிருந்து கிழக்கே போகின்றன. தஞ்சாவூர் – கும்பகோணம் – மயிலாடுதுறை ரயில் பாதை மாதிரி ஆற்றோடு இணையாகப் போகிற கரை அதிகம் மறிக்காது. மயிலாடுதுறை – திருவாரூர் ரயில் பாதை, விழுப்புரம் – நாகப்பட்டினம் நாற்கரச் சாலை போல வடக்கு தெற்காகப் போகிறவை ஒவ்வொரு வடிகாலையும் குறுக்கே வெட்டுகின்றன. அவற்றின் மேற்குப் பக்கத்தில் இருக்கிற மனைக்கு உயிர்நாடி அந்தச் சாலைக்கு அடியில் இருக்கிற பாலம்தான். சாலை வந்தவுடன் அதை ஒட்டி மனை போடுவதுதான் இன்றைய வளர்ச்சி. பாலத்தின் வாயில் மண்ணடித்துவிட்டால் பின்னால் இருக்கிற அம்பது வேலியும் குளம்.

பொதுப்பணித்துறைக் காலத்திலிருந்து ஆற்றில் மதகு வேலை பார்க்கிற லஸ்கர் (பாசனப் பணியாளர்) யாராவது கிடைத்தால், எந்த மதகு எப்போது மூடுவார்கள் என்று கேளுங்கள். பல வாய்க்கால்கள் மேல்வயலுக்கு வடிகால், கீழ்வயலுக்குப் பாசனம். கீழே இருக்கிறவருக்குத் தண்ணீர் தேக்கினால் மேலே வடியாது.

—

உப்பனாறு எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் கும்பகோணம், வலங்கைமான் வரைக்கும் பொருந்தும். சீர்காழி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் மேட்டின் திசையே திரும்பிவிடும். அங்கே மேடு என்பது கடலுக்கு இணையான மணல் திட்டு. அதனால் கடலோர ஊர்கள் வடக்கு தெற்காக நீளும். இரண்டு மணல் மேடுகளுக்கு நடுவில் இருக்கிற தாழ்வில் நீர் தேங்கும், உவரும். நாகப்பட்டினத்தில் பழைய ஊர் மணல்மேட்டில்; மேற்கே போகப் போகத் தாழ்வு. மேற்கிலிருந்து வருகிற வெள்ளம் கடலைக் கண்ணில் பார்த்தும் மணல் மேட்டைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் முகத்துவாரம் தேடிப் போக வேண்டும்.

முகத்துவாரம் அடைபட்டால் எல்லாம் நின்றுவிடும். கோடையில் ஆற்றில் ஓட்டம் இல்லாதபோது அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். மழைக்கு முன் வெட்டிவிட வேண்டும். சீர்காழிக்கு உப்பனாறு, அது திருமுல்லைவாசலில் கடலைச் சேர்கிறது. ஏற்ற இறக்கம் இந்தக் கரையில் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் கிலோமீட்டருக்கு ஒரு சாண் இறங்குகிற ஆற்றில் அந்த அளவே கடலை மூன்று நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளும். புயலோடு அமாவாசை, பௌர்ணமி சேர்ந்தால் கடல் வாங்கிக்கொள்ளாது. உப்பு நீர் ஏறாமல் தடுக்கக் கடைமடையில் இயக்கு அணைகள் இருக்கின்றன. அவற்றின் ஷட்டரை மழைக்கு முன் ஏற்றி இறக்கிப் பார்க்காவிட்டால், வேண்டிய இரவில் துரு பிடித்து நகராது. இந்தப் பக்கம் மனை பார்க்கிறவர் ஊரின் சரிவைவிட முகத்துவாரத்தின் நிலையை முதலில் பார்க்க வேண்டும்.

—

நஞ்சைபுஞ்சை:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. மட்டம் பார்க்க சர்வேயரைக் கூப்பிடும் முன், நாமே தோராயமாக அளக்க வழி உண்டா? மனைக்கும் வடிவாய்க்கால் பாலத்துக்கும் ஏறத்தாழ 250 மீட்டர்.

—

மட்டக்கோல்:

உண்டு சார். கொத்தனார்கள் வைத்திருக்கிற ட்யூப் லெவலே போதும். 20 மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் ட்யூபில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு ஆள், இரண்டு மரக்கோல். கோலில் அரை செ.மீ. வரை கோடு போட்டுக்கொள்ளுங்கள். 15 மீட்டருக்கு ஒரு நிறுத்தம் என்றால் 250 மீட்டருக்கு 17 நிறுத்தம். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு முனையின் நீர்மட்டத்தையும் தரையிலிருந்து அளந்து எழுத வேண்டும். முடிந்ததும் பாலத்திலிருந்து மனைக்குத் திரும்ப அளந்து வாருங்கள். போன கணக்கும் வந்த கணக்கும் 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் எங்கோ குமிழி இருக்கிறது, மறுபடியும் அளக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் காலையில் செய்யுங்கள். ட்யூபின் ஒரு பகுதி வெயிலிலும் ஒரு பகுதி நிழலிலும் கிடந்தால் மட்டம் பிசகும்.

அளக்க வேண்டியது மூன்று உயரம்: மனையின் இயற்கைத் தரை, பாலத்துச் சுவரில் பாசி நின்ற கோடு, பாலத்தின் அடித்தளம். பாசிக் கோட்டை விட மனை தாழ்ந்திருந்தால் தண்ணீர் வெளியே போக வழியில்லை. அடித்தளத்தைப் பார்க்க மண்வெட்டியால் மேவிய மண்ணைத் தோண்டிக் கான்கிரீட்டோ கருங்கல்லோ தட்டுப்படும் வரை இறங்குங்கள்; மேலே தெரிகிற மண்ணை அடித்தளம் என்று எழுதிவிடக் கூடாது.

ரயில் நிலையப் பெயர்ப்பலகையின் அடியில் எழுதியிருக்கிற கடல்மட்ட உயரத்தோடு உங்கள் கணக்கை இணைத்துவிட வேண்டாம். ரயில் பாதை கரை எழுப்பி உயர்த்திப் போட்டது, ஊர்த்தரையின் மட்டம் அதில் இருக்காது.